நான்காவது வாக்கியம்

பனி கடலிலிருந்துதான் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் எங்கள் ஊருக்கு ஒருமுறை வரவேண்டும். இங்கே அது ஐஸ் கம்பெனியிலிருந்து வரும். காலையில் ஐஸ் பார்களைத் தூக்கி வெளியே வைக்கும்போது வெள்ளையாகக் கிளம்பி, ஒவ்வொரு படியாக ஏறி, மாடியில் நடக்கும் இங்கிலீஷ் வகுப்புக்குள் கேட்காமல் கொள்ளாமல் நுழையும். முதலில் பெஞ்சுகளின் கால் மறையும். பிறகு ஆட்களின் கால் மறையும். இடுப்புக்கு மேலே மட்டும் இருக்கும் மனிதர்கள் கொஞ்ச நேரம் 'கோ, வென்ட், கான்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

வகுப்பு நடத்துபவள் ஜைனப் டீச்சர். வயது இருபத்தேழு. சீடர்களில் மூத்தவர் மிக்கேல். கப்பல்காரர். வயது ஐம்பத்திரண்டு. முதல் நாள் படியேறி வந்தவர் அவளைப் பார்த்து, "டீச்சர் எங்கம்மா?" என்று கேட்டார்.

"உட்காருங்கண்ணே. வருவாங்க."

அவர் உட்கார்ந்ததும் அவள் சாக்பீஸை எடுத்தாள். மிக்கேல் எழுந்து நின்றுவிட்டார்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர்."

"என்ன படிக்கணும்?"

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். டைப் அடித்த தாள். அதில் ஐந்தே வரிகள்.

"இத மனப்பாடம் பண்ணணும். சித்திரை இருபதாம் தேதி கல்கத்தாவுல விசாரணை. அங்க நின்னு இங்கிலீஷ்ல சொல்லணும். எல்லாம் முடிஞ்சு போன சமாச்சாரம். அதனால பாஸ்ட் டென்ஸ்ல இருக்காம்."

ஜைனப் படித்தாள். நான் கப்பலின் முன்முனையில் நின்றேன். பனி இருந்தது. வெளிச்சம் எதையும் நான் பார்க்கவில்லை. சத்தம் எதையும் நான் கேட்கவில்லை. நான் விழித்திருந்தேன்.

"என்ன நடந்துச்சுண்ணே?"

மிக்கேல் சொன்னார். தை மாதம், வங்காளத்து ஆற்று முகத்துவாரம். விடிந்தும் விடியாத நேரம். சின்னச் சரக்குக் கப்பல். முன்முனையில் மணிக்குப் பக்கத்தில் நிற்பது இவர் வேலை. எதையாவது கண்டாலோ கேட்டாலோ மணியடிக்க வேண்டும். மணி கேட்டால் மேலே இருப்பவர் இன்ஜினைக் குறைப்பார். அன்று மணி அடிக்கவில்லை. கப்பல் ஒரு மீன்பிடிப் படகின் மேல் ஏறிவிட்டது. படகில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் நிதாய் பிழைத்தான். தம்பி கௌர் செத்துப்போனான்.

"பனியில நிக்கிற படகு சத்தம் குடுத்துக்கிட்டே இருக்கணும் டீச்சர். அந்த வேலை தம்பியோடது. அவன் தூங்கிட்டான்னு அவுக ஊர்லயே பேசிக்கிறாகளாம். கப்பல் கம்பெனி ஏஜென்ட் சொன்னார்."

"நீங்க?"

"நான் முழிச்சுத்தான் இருந்தேன். அஞ்சாவது வரியில இருக்கு பாருங்க."

"தமிழ் தெரிஞ்ச ஆளை வச்சுப் பேசலாமேண்ணே."

"ஏஜென்ட் வேணாம்ங்கிறார். தமிழ்ல வாயத் திறந்தா ஊர்க்கதையெல்லாம் பேசிருவ, இங்கிலீஷ்னா அஞ்சு வரியோட நிப்பன்னு சொல்றார். சொல்றது பிசகுச்சுன்னா என் புக்கு போயிரும். முப்பது வருஷ புக்கு டீச்சர். அது இல்லாட்டி எந்தக் கப்பல்லயும் ஏற முடியாது. கேஸும் வரும்."

ஏஜென்ட் புத்திசாலி. மொழி தெரியாதவன் உளறமாட்டான் என்று கணக்குப் போட்டிருந்தார். கணக்கு எங்கே தப்பியது என்பதுதான் கதை.

ஜைனப் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"மனப்பாடம் அப்புறம். முதல்ல டென்ஸ் கத்துக்கலாம். அவங்க குறுக்குக் கேள்வி கேட்பாங்கல்ல?"

*

வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே நுழைகிறவர் நேற்றுத் தான் செய்த ஒரு காரியத்தை இங்கிலீஷில் சொல்லிவிட்டு உட்கார வேண்டும். ஊர்ப் பெண்களும் பையன்களும் நேற்றுச் சாப்பிட்ட இட்லியை இவ்வளவு பேருக்கு அறிவித்தது வேறெங்கும் நடந்திருக்காது.

மிக்கேல் இரண்டாம் நாள் வாசலில் நின்று, காலை ஆறு மணிக்கு எழ வேண்டும், தளத்தைக் கழுவ வேண்டும், கயிற்றைச் சுருட்டி வைக்க வேண்டும் என்று கப்பல் இங்கிலீஷில் ஒப்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"இது சட்டம்," என்றாள் ஜைனப். "நேத்து என்ன செஞ்சீங்க?"

"கப்பல்ல என்ன செஞ்சன்னு கேட்டா இப்படித்தான் சொல்லுவோம் டீச்சர். செய்ய வேண்டியதச் சொல்லிட்டா செஞ்சதா அர்த்தம்."

"இங்க அப்படி இல்லண்ணே. ஒரு நாள், ஒரு தடவை, ஒரு ஆள். அதைத்தான் இந்த டென்ஸ் கேட்கும்."

அவர் வெகுநேரம் யோசித்தார். பனி முழங்கால் வரை வந்துவிட்டது.

"ஐ வாஷ்ட் மை ஷர்ட்," என்றார் கடைசியில். சட்டை துவைத்தாராம். அதைச் சொல்லிவிட்டு ஏதோ பெரிய பாரத்தை இறக்கி வைத்தவர்போல உட்கார்ந்தார்.

பங்குனி முழுவதும் வந்தார். வினைச்சொற்களை இரண்டு பட்டியலாக எழுதிக்கொண்டார். கடைசியில் 'எட்' சேர்த்தால் அடங்கிவிடுகிற சாதுச் சொற்கள் ஒரு பக்கம். அடங்காதவை மறுபக்கம்.

"கோ எப்படி வென்ட் ஆச்சு? ஒரு ஜாடையும் இல்லையே."

"தினமும் கை படுற சொல் எல்லாம் இப்படித்தாண்ணே இருக்கு. போ, வா, பார், கேள், தூங்கு. ஒண்ணுகூட ஒழுங்கா இல்ல."

"நான் போனாலும் வென்ட். அவன் போனாலும் வென்ட். அப்ப யாரு போனதுன்னு எப்படித் தெரியும்?"

"முன்னாடியே சொல்லிடணும். நம்ம தமிழ்ல 'போனேன்'னா ஆள் அதுக்குள்ளயே இருக்கார். இங்கிலீஷ்ல ஆளை வெளியில நிறுத்தணும். நான்னா நான்."

மிக்கேல் அதையும் எழுதிக்கொண்டார். நோட்டில் 'ஐ' என்ற எழுத்தை மட்டும் தடியாக எழுதுவார். அது கம்பம் மாதிரி நிற்கும்.

"செய்யலன்னா?"

"டிட் நாட். அதுக்கப்புறம் சொல் பழையபடி ஆயிடும். மணி அடிச்சா ரேங், அடிக்கலன்னா திரும்பவும் ரிங் ஆயிடும்."

"செஞ்சாத்தான் மாறுது. செய்யாட்டி அப்படியே நிக்குது," என்று சொல்லிக்கொண்டார். அன்று அதற்குமேல் எதையும் கேட்கவில்லை.

*

சித்திரை பிறந்தபோது ஐந்து வரிகளில் நான்கு நன்றாக வந்துவிட்டன. நான்காவது மட்டும் வரவில்லை.

"ஐ ஸ்டூட் ஆன் த பௌ," என்பார் தெளிவாக. பனி இருந்தது என்பார். வெளிச்சம் பார்க்கவில்லை என்பார். அதற்கடுத்து வாய் அடைத்துவிடும். ஐந்தாவது வரிக்குத் தாவிவிடுவார்.

"நாலாவது, அண்ணே. ஐ ஹேர்ட் நோ சவுண்ட்."

"ஐ..."

"ஹேர்ட்."

"அந்தச் சொல்லு வழுக்குது டீச்சர்."

ஜைனப் வேறொன்று கேட்டுப் பார்த்தாள். நேற்றுக் கோயிலில் என்ன கேட்டீர்கள்? "ஐ ஹேர்ட் எ சாங்." காலையில்? "ஐ ஹேர்ட் எ க்ரோ." பாட்டும் காகமும் வழுக்காமல் வந்தன. தாளில் இருக்கும் வரி மட்டும் வரவில்லை. ஆறு நாள் இப்படியே போயிற்று. விசாரணைக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

ஏழாம் நாள் அவள் நோட்டை மூடச் சொன்னாள்.

"கீழ போகலாம் வாங்க."

ஐஸ் கம்பெனியில் அவளைத் தெரியாதவர் இல்லை. தொட்டி இருக்கும் அறைக்குள் போனார்கள். உள்ளே பனி தலைக்கு மேலே நின்றது. ஒரு பல்பு எங்கோ மஞ்சளாக எரிந்தது. அதுவும் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. அவளுக்கு மிக்கேல் தெரியவில்லை. மிக்கேலுக்குத் தன் கையே தெரியவில்லை.

"இங்க நின்னு சொல்லிப் பாருங்கண்ணே."

மிக்கேல் முதல் வரியைச் சொன்னார். இரண்டாவது. மூன்றாவது.

அப்போது அறையின் மறுகோடியில் யாரோ தகரக் கேனைக் கம்பியால் தட்டினார்கள், உறைந்த பாரைக் கழற்ற. டங். கொஞ்சம் விட்டு இன்னொன்று. டங்.

தட்டுவது நின்றது.

"தட்டு," என்றார் மிக்கேல்.

அவள் காத்திருந்தாள்.

"தட்டு அடிக்கிற சத்தம் கேட்டுச்சு டீச்சர். பனியில அவுக அலுமினியத் தட்டத்தான் அடிப்பாக. நான் நின்னுக்கிட்டேதான் இருந்தேன். கண்ணு மூடிருச்சு. எங்க ஊர்ல கரையில நிக்கிறவனச் சாப்பிடக் கூப்பிடணும்னா தட்டத்தான் தட்டுவாக. குரல் குடுத்தாக் காத்து கொண்டுபோயிரும், தட்டுச் சத்தம் வந்து சேரும். எனக்கு ரெஜினா தட்டுறான்னு தோணுச்சு. என் வீட்டுக்காரி. நான் கரையில நிக்கிறேன். வெயில் நல்லா அடிக்குது. அவ தட்டுறா. இந்தா வர்றேன்னு சிரிச்சேன் டீச்சர். நெசமாவே சிரிச்சேன். மணி என் கைக்குப் பக்கத்துலதான் தொங்குது."

பேசியது தமிழ்தான். ஆனால் அவர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான், எனக்கு என்று சொல்லிக்கொண்டே போனதை ஜைனப் கவனித்தாள்.

"அப்புறம் சின்னதா ஒரு சத்தம். காலடியில பெட்டி நொறுங்குற மாதிரி. அவ்வளவுதான்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"இல்ல. நிதாயத் தூக்கி எங்க கப்பல்லதான் போட்டாக. அவனுக்கு எங்க பாஷை தெரியாது, எங்களுக்கு அவன் பாஷை தெரியாது. அவன் இடது கைய விரிச்சு வச்சுக்கிட்டு, வலது கை விரலால தட்டிக்கிட்டே இருந்தான். தம்பி தட்டுனான், தட்டுனான்னு சொல்றான். எங்க ஆளுக பசிக்குது போலன்னு சோறு கொண்டாந்து வச்சாக."

"உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"எனக்கு மட்டும் புரிஞ்சுது. நான்தான் கொழம்பு ஊத்துனேன்."

பனிக்குள் ஜைனப் அழுதாள். அவருக்குத் தெரியவில்லை. தெரியாதது நல்லதாயிற்று.

*

இருவரும் மேலே வந்தார்கள். மற்றவர்கள் போய்விட்டார்கள். மிக்கேல் கேட்டார்:

"கனவுல கேட்டதுக்கு என்ன டென்ஸ் டீச்சர்?"

"ஏன் கேட்கிறீங்க?"

"அன்னைக்கு நான் கேட்டது அவன் தட்டு இல்ல. என் வீட்டுத் தட்டு. கனவுல கேட்டத எதுல சேக்குறது? கேட்கலன்னு சொன்னாலும் பொய் இல்லதானே?"

ஆசை தெரிந்தது அந்தக் கேள்வியில். நல்ல மனிதர்கள் தப்பிக்கப் பார்க்கும்போது இலக்கணத்தைத்தான் கேட்பார்கள்.

ஜைனப் எழுந்து பலகையை முழுக்க அழித்தாள். அழித்த இடத்தில் எதையும் எழுதாமல் சாக்பீஸை அவரிடம் நீட்டினாள்.

"கனவுக்குன்னு தனியா எதுவும் இல்லண்ணே. அதே டென்ஸ்தான்."

மிக்கேல் சாக்பீஸை வாங்கவில்லை. அவளுக்குள்ளும் பயம் கிளம்பியது. ஒரு மனிதனின் முப்பது வருஷப் பிழைப்பைத் தன் கரும்பலகை தின்றுவிடுமோ என்று பயந்தாள். வேண்டாம், பழைய ஐந்து வரியையே சரிசெய்து தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவும் செய்தாள்.

"அதுவேகூடப் போதும்ணே. நாலாவது வரியை விட்டுட்டு நாலே நாலு வரி சொன்னாக்கூடப் பொய் ஆகாது."

"முழிச்சிருந்தேங்கிற அஞ்சாவது வரி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்தக் கதையில் குரு தோற்ற இடம் இது.

மறுநாள் மிக்கேல் எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். தாளைக் காணோம்.

"எனக்கு வேற அஞ்சு வரி வேணும் டீச்சர். எனக்குத் தெரிஞ்ச சொல்லுலயே இருக்கட்டும்."

"ரெஜினா அக்காகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். 'செத்துப்போன மனுஷனுக்குப் பிள்ளைக இருக்கா'ன்னு கேட்டா. ரெண்டுன்னேன். 'அப்பன் தூங்கிட்டான்னு சொல்லியே வளப்பாக'ன்னா. அவ்வளவுதான்."

எழுத ஆரம்பித்தார்கள். அதிகச் சொற்கள் தெரியாததால் சுற்றி வளைக்க வழியில்லை. நான் தூங்கினேன், ஐ ஸ்லெப்ட். அவன் தட்டை அடித்தான், ஹி பீட் த ப்ளேட்.

"பீட் எப்படி மாறும்?"

"மாறாதுண்ணே. அது அப்படியே இருக்கும்."

நான் கேட்டேன். என் மனைவி என்று நினைத்தேன். நான் மணி அடிக்கவில்லை.

ஐந்தாவதை எழுதி முடித்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை சொன்னார். ஒரு சொல்லும் வழுக்கவில்லை. ஜைனப் உச்சரிப்பில் ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

*

சித்திரை இருபது போயிற்று. வைகாசி பிறந்து ஒரு வாரம் கழித்து மிக்கேல் படியேறி வந்தார். வகுப்பு சீக்கிரமே முடிந்திருந்தது. கீழே ஐஸ் பார் தூக்க ஆரம்பித்திருந்தார்கள். பனி அப்போதுதான் வாசலைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"உட்காருங்கண்ணே."

உட்கார்ந்தார். இளைத்திருந்தார்.

"சொன்னேன் டீச்சர். அஞ்சும் சொன்னேன். ஏஜென்ட் எந்திரிச்சு வெளிய போயிட்டார்."

"புக்?"

"அங்கயே வாங்கி வச்சுக்கிட்டாக. கேஸு இருக்கு. ஆடியில திரும்பப் போகணும்."

ஜைனப் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தாள்.

"நிதாய் எதுத்தாப்புல உக்காந்திருந்தான். அவன் பாஷைக்கு ஒரு ஆள் வச்சிருந்தாக. நான் சொல்லச் சொல்ல அந்த ஆள் அவனுக்குச் சொன்னார். முழுசும் கேட்டான். அழல. அந்த ஆள் மூலமா ஒரே ஒரு கேள்வி கேட்டான்."

"ஏன் மணி அடிக்கலன்னு கேட்டாரா?"

"இல்ல. 'தம்பி எப்படி அடிச்சான்?'னு கேட்டான்."

பனி மிக்கேலின் முழங்கால் வரை வந்துவிட்டது.

"அதுக்கு எனக்கு இங்கிலீஷ் வரல டீச்சர். மேசையில தட்டிக் காட்டுனேன். ரெண்டு அடுத்தடுத்து, கொஞ்சம் விட்டு ஒண்ணு. திரும்ப ரெண்டு, ஒண்ணு. அவசரமே இல்லாம. நிதாய் மேசைமேல தலைய வச்சுக்கிட்டான். தலையத் தூக்காமலே என்னமோ சொன்னான்."

"என்ன சொன்னார்?"

"'அவன் அப்படித்தான் அடிப்பான்'னு சொன்னானாம்."

கீழே யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

"தம்பி மேல இருந்த பழியக் கேஸுலருந்து எடுத்துட்டாக," என்றார் மிக்கேல். "நான் சொன்னத எழுதி, அவுக ஊருக்கு ஒரு நகல் அனுப்புறாகளாம்."

"நல்லதுண்ணே."

"ஒண்ணு மட்டும் கேக்கணும் டீச்சர்."

"கேளுங்க."

"சொல்லிட்டா நின்னுரும்னு நெனச்சேன். நிக்கல. முன்னாடி பனியப் பாத்தாத்தான் கேட்டுச்சு. இப்ப வெயில்லயும் கேட்குது. சாப்பிடுறப்பக் கேட்குது. ரெண்டு, ஒண்ணு. ரெண்டு, ஒண்ணு. இத நிப்பாட்ட ஏதாச்சும் வழி இருக்கா?"

ஜைனப் அவருக்கு எதிரில் இருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். சீடர்கள் உட்காரும் பெஞ்ச் அது. பனி இருவரையும் இடுப்பு வரை மூடியது.

பிறகு சொன்னாள்:

"அவர் அடிச்சது யாராவது கேட்கணும்னுதானேண்ணே."